கழுத்தில் ஒரு கட்டி... பத்து போட்டால் அமுங்குமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு வீட்டுத் திண்ணை. தலைக்குக் குளித்த மகளை முன்னால் உட்காரவைத்து, அம்மா சிக்கெடுத்துக் கொண்டிருக்கிறார். பிளஸ் ஒன் படிக்கும் பெண். முடியை ஒதுக்கிய கை கழுத்தோரம் சட்டென்று நிற்கிறது.

"ஏட்டி, இது என்னது? நெல்லிக்கா மாதிரி உருளுது?"

"தெரியலம்மா. வலிக்கல."

உள்ளேயிருந்து ஆச்சியின் குரல். "நெறி கட்டியிருக்கும்ளா. பேன் கடிச்சி தலையைச் சொறிஞ்சி புண்ணாக்கி வச்சிருப்பா. சுண்ணாம்பையும் மஞ்சளையும் குழைச்சிப் பத்து போடு, அமுங்கிரும்."

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை அல்ல. தாமிரபரணிக் கரையில் எந்தத் தெருவிலும், தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. சில வீடுகளில் அந்தக் கட்டி பத்து நாளில் தானாகக் கரைந்துவிடும், பெயர் பத்துக்குப் போய்ச் சேரும். சில வீடுகளில் கரையாது. எது கரையும், எது கரையாது, எதற்கு உடனே ஓட வேண்டும் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

ஆச்சி சொன்னதில் பாதி சரி

முதலில் ஆச்சியைப் பாராட்டிவிடலாம். கட்டியைப் பார்த்ததும் 'தலையில் புண் இருக்கிறதா' என்று அவர் யோசித்தார் அல்லவா? ஒரு நல்ல மருத்துவரும் அங்கிருந்துதான் தொடங்குவார்.

நம் உடம்பில் ரத்தக் குழாய்களைத் தவிர, நிணநீர் ஓடும் மெல்லிய குழாய்களும் உண்டு. அந்த வழியில் ஆங்காங்கே அவரை விதை அளவில் சிறு முடிச்சுகள் இருக்கும். அவைதான் நிணநீர்க் கணுக்கள். ஊர் வழக்கில் 'நெறி'. உடம்பு முழுவதும் பல நூறு கணுக்கள் உண்டு. அவற்றில் பெரும் பங்கு கழுத்தில்தான். வாய், மூக்கு, தொண்டை என்று கிருமி நுழையும் வாசல்கள் எல்லாம் தலையில் இருப்பதால், காவலும் கழுத்தில் அதிகம்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தாமிரபரணி கடலுக்குப் போகும் வழியில் உள்ள கடைசி அணைக்கட்டு அது. ஆற்றில் அடித்துக்கொண்டு வரும் அமலைச்செடி எல்லாம் அங்கே வந்துதான் தேங்கும். ஷட்டரில் செடி அடைத்துக்கொண்டால், அது அணைக்கட்டின் குற்றமா? மேலே எங்கிருந்தோ வருகிறது. நெறி கட்டுவதும் அப்படித்தான். கட்டி இருக்கும் இடத்தைவிட, அந்தக் கணுவுக்கு நிணநீர் எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம்.

பின்கழுத்தில் சின்னச் சின்னதாக வந்தால் தலையைப் பார்க்க வேண்டும். பேன், பொடுகு, சொறிந்த புண், படர்தாமரை ஏதாவது இருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதுதான் மிகச் சாதாரணமான காரணம். தாடைக்குக் கீழே வந்தால் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். சொத்தைப் பல், ஈறு வீக்கம், டான்சில் என்று ஏதோ ஒன்று கண்ணில் படும். காதுக்கு முன்னால் என்றால் கண்ணையும் காதையும் பார்க்க வேண்டும். புதிதாகக் காது குத்திய குழந்தைக்கு, குத்திய இடம் சீழ் வைத்தால் பக்கத்து நெறி வீங்குவதை பாட்டிமார்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். காரைஎலும்புக்கு மேலே உள்ள குழியில் வரும் கட்டி மட்டும் தனி ரகம். அது நெஞ்சிலோ வயிற்றிலோ இருக்கும் பிரச்னையின் அடையாளமாக இருக்கலாம். அளவு சிறிதாக இருந்தாலும் அதைக் காத்திருந்து பார்க்கக் கூடாது.

சளி, தொண்டை வலி வந்துபோன குழந்தையின் கழுத்தில் ஒரு சென்டிமீட்டருக்குள், பட்டாணி அளவில், தொட்டால் நழுவுகிற நெறி இருந்தால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. காவல்காரர் வேலை செய்திருக்கிறார் என்று அர்த்தம். சளி போன பிறகும் அது சில வாரங்கள் தங்கும். ஒல்லியான குழந்தைகளுக்குக் கையில் எப்போதுமே தட்டுப்படும். அதைத் தினமும் பத்து முறை அழுத்திப் பார்ப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

சிவந்து, சுட்டு, வலித்தால்...

சாதாரண பாக்டீரியா தொற்று ஒளிந்து வராது. இரண்டு மூன்று நாளில் கட்டி வேகமாகப் பெருக்கும். தொட்டால் வலிக்கும், மேல்தோல் சிவக்கும், கை வைத்தால் சூடு தெரியும், காய்ச்சலும் இருக்கும். இதற்கு ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும். கட்டி நடுவில் இளகி, சீழ் கோத்துவிட்டால் மருந்து மட்டும் போதாது, சீழை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். அதை வீட்டில் ஊசியால் குத்தியோ, பிதுக்கியோ செய்யக் கூடாது. கழுத்தில் பெரிய ரத்தக் குழாய்களும் நரம்புகளும் நெருக்கமாக ஓடுகின்றன. சூடு போடுவது இன்னும் மோசம். கட்டி அப்படியே இருக்க, மேலே தீக்காயம் ஒன்று கூடுதலாகச் சேரும்.

சொத்தைக் கடைவாய்ப் பல்லை 'வலிக்கும்போது பார்த்துக்கலாம்' என்று விட்டவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்தப் பல்லிலிருந்து தொற்று தாடைக்குக் கீழேயும் நாக்குக்கு அடியிலும் பரவினால், சில மணி நேரத்திலேயே நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சுப் பாதை அடைபடும் அபாயம் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு இது வேகமாகப் பரவும்.

கழுத்து வீக்கத்தோடு மூச்சுத் திணறல், எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, வாயைத் திறக்க முடியாதது, குரல் மாறுவது, கழுத்தைத் திருப்ப முடியாத அளவு விறைப்பு, குழந்தை சோர்ந்து கண்ணைத் திறக்காமல் கிடப்பது... இவற்றில் ஒன்று இருந்தாலும் காலையில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. 108-ஐ அழைத்துவிடுங்கள். ஸ்ரீவைகுண்டத்தில் இருப்பவர்களுக்குத் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

பொன்னுக்கு வீங்கி நெறிக்கட்டு அல்ல

காது மடலுக்குக் கீழும் முன்னும் கன்னம் உப்பி, காது மடல் சற்றே மேலே தூக்கினாற்போல் தெரிந்தால் அது பொன்னுக்கு வீங்கியாக இருக்கலாம். புட்டாளம்மை என்றும் சொல்வார்கள். தங்கச் சங்கிலி போட்டால் வீக்கம் வடியும் என்ற நம்பிக்கை ஊருக்கு ஊர் உண்டு. ஒரு வாரம், பத்து நாளில் அது தானாக வடியும் நோய். ஆகவே தங்கத்துக்கு நல்ல பெயர் கிடைத்துவிட்டது.

இது வைரஸ். வீங்குவது நெறி அல்ல, எச்சில் சுரப்பி. ஆன்டிபயாடிக்கால் பலன் இல்லை. மெல்ல வலிக்கும் என்பதால் கஞ்சி, குழைந்த சாதம் கொடுத்து, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, வீக்கம் தொடங்கியதிலிருந்து ஐந்து நாள் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பதுதான் சிகிச்சை. கடும் தலைவலி, தொடர் வாந்தி, வயிற்று வலி, காது கேட்பதில் குறை, பையன்களுக்கு விதைப்பையில் வலி வந்தால் மட்டும் மருத்துவரிடம் உடனே போக வேண்டும். அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் ஊசி இருக்கிறது, பொன்னுக்கு வீங்கிக்கு இல்லை. அதையும் சேர்த்துத் தடுக்கும் எம்.எம்.ஆர் ஊசி வேண்டுமென்றால் குழந்தைகள் நல மருத்துவரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

வலிக்காத கட்டிதான் வம்பு

இனி, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணிடம் திரும்பலாம். சிவப்பு இல்லை, சூடு இல்லை, வலியும் இல்லை. அதனால்தான் வீட்டில் யாருக்கும் அவசரம் தோன்றவில்லை.

ஒரு வாரம் பத்து போட்டார்கள். பிறகு மெடிக்கல் ஷாப்பில் மூன்று நாள் மாத்திரை. அடுத்த மாதம் இன்னொரு கடையில் 'கொஞ்சம் பவரான' ஐந்து நாள் மாத்திரை. கட்டி லேசாக அமுங்கினாற்போலத் தோன்றியது, மறுபடி வந்தது. இந்த முறை பக்கத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சாயங்காலம் ஆனால் உடம்பு லேசாகச் சுடும். சாப்பாடு குறைந்தது. பள்ளிச் சீருடையின் இடுப்பு தொளதொளத்தது. பெண் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட ஆரம்பித்தாள். ஜூனில் கண்ட கட்டிக்கு ஆகஸ்ட்டில்தான் மருத்துவமனைக்குப் போனார்கள். அப்பாவுக்கு வாழைத்தார் ஏற்றும் லோடு வேலை. ஒரு நாள் ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போகும். தாமதத்துக்கு அலட்சியம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

கழுத்தில் இப்படி வலியில்லாமல், வாரக்கணக்கில் தங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும் கட்டிகளுக்கு நம் நாட்டில் முதலில் சந்தேகிக்க வேண்டியது காசநோய். 'இருமலே இல்லையே, டிபி எப்படி?' என்று பலரும் கேட்கிறார்கள். காசநோய் நுரையீரலில் மட்டும் வருவதல்ல. நெறி, எலும்பு, வயிறு, மூளை உறை என்று எங்கும் வரும். நுரையீரலுக்கு வெளியே வரும் காசநோயில் அதிகம் தாக்கப்படுபவற்றில் ஒன்று நெறி, அதிலும் கழுத்து நெறி.

சித்த மருத்துவத்தில் இதற்குக் கண்டமாலை என்று பெயர். கண்டம் என்றால் கழுத்து. கட்டிகள் மாலையில் கோத்த மணிகள்போல வரிசையாக நிற்பதால் அந்தப் பெயர். ஐரோப்பாவில் இதை 'அரசர் நோய்' என்றார்கள். மன்னர் தொட்டால் குணமாகும் என்று நம்பி வரிசையில் நின்றார்கள். ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனைக் குழந்தையாக இருந்தபோது, 1712-ல், ஆன் மகாராணியிடம் கொண்டுபோய்த் தொடவைத்தார்கள். பலன் இல்லை. கடைசிவரை அவர் கழுத்தில் தழும்பு இருந்தது. 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்த பிறகுதான் உண்மையான காரணம் தெரிந்தது. காய்ச்சாத பசும்பாலிலிருந்தும் ஒரு வகைக் காசநோய்க் கிருமி பரவி, கழுத்து நெறியைத் தாக்கியது பிறகு தெரியவந்தது. பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கும் நம் வீட்டுப் பழக்கம் அந்த வகையில் பெரிய பாதுகாப்பு. 'கறந்த பால் சூட்டோடு குடித்தால் சத்து' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஊசி குத்தினால் பரவுமா?

மருத்துவமனையில் அம்மாவைப் பயமுறுத்தியது எஃப்.என்.ஏ.சி என்ற பரிசோதனை. மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, சில துளி திசுவை உறிஞ்சி எடுத்து, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ரத்தம் எடுக்கும் ஊசி அளவுக்குத்தான் வலி. மயக்க மருந்து இல்லை, தையல் இல்லை, அன்றே வீட்டுக்கு வரலாம்.

"ஊசி குத்துனா பரவிரும்னு சொல்லுதாவளே டாக்டரம்மா?"

கழுத்துக் கட்டிக்கு உலகம் முழுக்க முதலில் செய்வது இந்த ஊசிப் பரிசோதனைதான். அதனால் நோய் பரவும் என்ற பயம் தேவையில்லை. குத்தாமல் விட்டால்தான், என்ன நோய் என்று தெரியாமல் மருந்து சாப்பிட வேண்டிவரும். எடுத்த திசுவின் ஒரு பகுதியை சிபிநாட் அல்லது ட்ரூநாட் கருவிக்கு அனுப்புவார்கள். சில மணி நேரத்தில் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்பதையும், முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்பதையும் சொல்லிவிடும். நெறியில் கிருமிகளின் எண்ணிக்கை குறைவு என்பதால், இந்தக் கருவி 'இல்லை' என்று சொன்னாலும் நுண்ணோக்கி முடிவையும் அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்தே மருத்துவர் முடிவெடுப்பார். கூடவே நெஞ்சு எக்ஸ்ரே, சர்க்கரை, எச்.ஐ.வி பரிசோதனையும் செய்வார்கள். 'எச்.ஐ.வி டெஸ்ட் எதுக்கு, எங்க பிள்ளையைச் சந்தேகப்படுறாங்களா?' என்று கோபப்பட வேண்டாம். காசநோய் என்று தெரிந்த எல்லாருக்கும் அதைச் செய்கிறார்கள்.

அந்தப் பெண்ணுக்கு முடிவு தெளிவாக வந்தது. நெறிக் காசநோய். நுரையீரல் சுத்தம்.

இங்கே அந்த மெடிக்கல் ஷாப் மாத்திரைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். லெவோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கிவைக்கும். முழுதாகக் கொல்லாது. கட்டி அமுங்கியதுபோலத் தெரியும், நோய் உள்ளே தொடரும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். ஸ்டீராய்டு மாத்திரைகளும் அப்படித்தான். நிணநீர்ப் புற்றுநோயைக்கூடச் சில வாரம் மறைத்துவிடும். சீட்டு இல்லாமல் வாங்கும் 'பவரான' மாத்திரையின் உண்மையான விலை அட்டையில் அச்சிட்டிருப்பது அல்ல.

இன்னொன்று. நெறிக் காசநோய்க் கட்டி இளகும்போது, சீழ்க்கட்டி என்று நினைத்து வெட்டிவிட்டால், அந்தத் துளை ஆறாமல் மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கலாம். பழைய தலைமுறையில் கழுத்தில் சுருங்கிய தழும்போடு சிலரைப் பார்த்திருப்பீர்கள். தானாக உடைந்தோ, உடைக்கப்பட்டோ ஆறிய கண்டமாலையாக அது இருக்கலாம்.

ஆறு மாதம்

முடிவைக் கேட்டதும் ஆச்சி அழுதார். அம்மா கேட்ட முதல் கேள்வி, "சரியாகிருமா?" இரண்டாவது கேள்வியை டாக்டரிடம் கேட்கவில்லை, வெளியே வந்து கணவரிடம் கேட்டார். "ஏங்க, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னா இத எப்படிச் சொல்ல?"

முதல் கேள்விக்குப் பதில், சரியாகும். நான்கு மருந்துகள் இரண்டு மாதம், பிறகு மூன்று மருந்துகள் நான்கு மாதம். எல்லாம் ஒரே மாத்திரையில் கலந்து வரும். உடல் எடையைப் பொறுத்து எத்தனை என்று சொல்வார்கள். அரசு மருத்துவமனையில் முழுக்க இலவசம். சத்தான உணவுக்கு நிக்‌ஷய் போஷன் திட்டத்தில் வங்கிக் கணக்குக்குப் பணம் வரும். 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெற்றாலும் இந்தப் பதிவும் உதவியும் உண்டு. விவரங்களுக்கு 1800 11 6666 என்ற கட்டணமில்லா எண்.

இரண்டாவது கேள்விக்கும் பதில் இருக்கிறது. நுரையீரலில் நோய் இல்லாத நெறிக் காசநோய் இருமலாலோ, தொடுவதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ அடுத்தவருக்குப் பரவாது. அந்தப் பெண் பள்ளிக்குப் போகலாம், தங்கையோடு ஒரே பாயில் படுக்கலாம். ஆச்சி அவளுக்கென்று தனியாக எடுத்துவைத்த எவர்சில்வர் தட்டையும் தம்ளரையும் திரும்ப அடுக்கில் வைத்துவிடலாம். சிகிச்சையை முடித்தவர்கள் திருமணம் செய்துகொள்வதற்கும் குழந்தை பெறுவதற்கும் தடை இல்லை. வீட்டில் வேறு யாருக்காவது இருமல், காய்ச்சல், எடைக் குறைவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது இவளிடமிருந்து பரவியிருக்கும் என்பதற்காக அல்ல. இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும்.

வீட்டில் வைத்தே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகுக்கு நிரூபித்துக் காட்டிய ஊர் நம்முடைய சென்னைதான் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் காசநோய் என்றால் தாம்பரம் போன்ற சானடோரியங்களில் மாதக்கணக்கில் தங்க வேண்டும். தாம்பரம் சானடோரியம் 1928-ல் டேவிட் சௌரிமுத்து தொடங்கியது. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் அமைந்தது. சானடோரியத்தில் வைத்து மருந்து கொடுத்தவர்களையும், நெரிசலான வீடுகளில் இருந்தபடியே அதே மருந்தைச் சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-ல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்க சானடோரியங்களின் கதவைத் திறந்துவிட்டது. நுரையீரல் காசநோய்க்கே அப்படி என்றால், நெறிக் காசநோய்க்குத் தனித் தட்டு எதற்கு? அதே மையம்தான் குழந்தைகளின் நெறிக் காசநோய்க்கு ஆறு மாத சிகிச்சை பலன் தருகிறது என்பதையும் ஆராய்ந்து 1990-ல் வெளியிட்டது. இப்போது அதன் பெயர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சேத்துப்பட்டில் இருக்கிறது.

மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். ரிஃபாம்பிசினின் நிறம் அது, பயம் வேண்டாம். ஆனால், கண் மஞ்சளாவது, தொடர் வாந்தி, பசியே இல்லாமல் போவது, பார்வை மங்குவது, சிவப்பு பச்சை நிறம் பிரித்தறிய முடியாதது, கை கால் மரத்துப்போவது இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் அதையும் சொல்ல வேண்டும். ரிஃபாம்பிசின் அதன் வேலையைக் குறைத்துவிடும்.

பலர் மருந்தை நிறுத்துவது இரண்டு சந்தர்ப்பங்களில். இரண்டாவது மாதத்தில் காய்ச்சல் போய், பசி எடுத்து, உடம்பு தேறியதும் 'சரியாகிவிட்டது' என்று நிறுத்துவார்கள். அல்லது மூன்றாவது மாதத்தில் கட்டி திடீரென்று பெருத்தால், புதிதாக ஒன்று முளைத்தால், 'மருந்து வேலை செய்யவில்லை' என்று நிறுத்துவார்கள். நெறிக் காசநோயில் சிகிச்சை நடுவே கட்டி பெரிதாவது உண்டு. செத்த கிருமிகளுக்கு எதிராக உடம்பு காட்டும் கோபம் அது. மருத்துவர் பார்த்து முடிவு செய்யட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மழைக்காலத்தில் ஒரு கூடுதல் கவனம் தேவை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயில் சிக்கிக்கொண்டதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். பாதைகள் துண்டிக்கப்பட்ட அந்த நாள்களில் மாத்திரைக்கு எங்கே போவது? ஐப்பசி பிறக்கும்போதே காசநோய்ப் பிரிவு ஊழியரிடம் சொல்லி, கையிருப்பு போதுமான அளவு வைத்துக்கொள்வதும், அட்டைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரணில் வைப்பதும் நல்லது.

உப்பும் ஒரு காரணம்

எல்லாக் கழுத்துக் கட்டியும் நெறி அல்ல. கண்ணாடி முன் நின்று ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பாருங்கள். விழுங்கும்போது முன்கழுத்துக் கட்டி மேலே ஏறி இறங்கினால் அது தைராய்டாக இருக்கலாம். கழலை என்று அந்தக் காலத்தில் சொன்னது இதைத்தான். தைராய்டு பரிசோதனையும் ஸ்கேனும் செய்தால் விஷயம் தெரிந்துவிடும்.

தூத்துக்குடிக்காரர்களிடம் அயோடின் பற்றிப் பேசினால் ஒரு பதில் வரும். "கடல் தண்ணியில விளையுற உப்புதான, அதுல இல்லாத அயோடினா?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், கடல்நீரைக் காய வைத்து எடுக்கும் உப்பில் அயோடின் இருப்பது மிக மிகக் குறைவு. அதனால்தான் உப்பில் அதைத் தனியாகச் சேர்க்கிறார்கள். நாட்டுக்கே உப்பு அனுப்பும் மாவட்டத்தில், அளத்திலிருந்து நேராக வந்த கல்லுப்பை மட்டும் பயன்படுத்தும் வீடுகள் இருக்கின்றன. கல்லுப்பு வேண்டுமென்றால் அயோடின் சேர்த்த கல்லுப்பே கடையில் கிடைக்கிறது. மூடிய டப்பாவில், அடுப்பின் சூடு படாமல் வையுங்கள்.

நாற்பது வயதைத் தாண்டியவர், புகையிலை, வெற்றிலை, குட்கா, சிகரெட் பழக்கம் உள்ளவர் என்றால் கணக்கே வேறு. கல் மாதிரி கெட்டியாக, நகராமல், வலிக்காமல் இருக்கும் கட்டி, மூன்று வாரத்துக்கு மேல் கரகரக்கும் குரல், ஆறாத வாய்ப்புண், விழுங்கச் சிரமம் எல்லாம் புற்றுநோய்க்கான எச்சரிக்கையாக இருக்கலாம். இளைஞர்களுக்கு இரவில் படுக்கை நனையும் வியர்வை, காரணமில்லாத காய்ச்சல், எடைக் குறைவோடு அக்குளிலும் இடுப்பிலும் கட்டி வந்தால் நிணநீர்ப் புற்றுநோயை விலக்கிப் பார்க்க வேண்டும். காசநோயும் இதே வேடத்தில் வரும் என்பதால்தான் ஊசிப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது என்று வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

அப்படியென்றால் எத்தனை நாள் காத்திருக்கலாம்? ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாத, சின்ன, நழுவும் கட்டிக்கு இரண்டு வாரம். அதற்குள் குறையவில்லை, அல்லது வளர்கிறது என்றால் மருத்துவமனை. ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால், கெட்டியாக இருந்தால், காரைஎலும்புக் குழியில் இருந்தால் அந்த இரண்டு வாரமும் இல்லை.

பிப்ரவரியில் கடைசி மாத்திரை முடிந்தது. பெண்ணுக்கு ஆறு கிலோ எடை கூடியிருந்தது. ஆனால், அம்மாவின் விரல் இன்னமும் கழுத்தோரம் நின்றது.

"டாக்டரம்மா, பயறு அளவுல ஒண்ணு இன்னும் இருக்கே? முழுசாப் போகலையே?"

டாக்டர் தொட்டுப் பார்த்தார். அளந்து சீட்டில் குறித்தார். "சிலருக்கு இப்படித் தழும்பு மாதிரி நின்னுரும்மா. வளரல, வலிக்கல, காய்ச்சல் இல்ல. இருந்துட்டுப் போகட்டும். மூணு மாசம் கழிச்சி ஒரு தடவை காட்டிருங்க. இடையில பெருசானா அன்னைக்கே வாங்க."

"மறுபடி மாத்திரை வேண்டாமா?"

"வேண்டாம். பரீட்சை என்னைக்கு ஆரம்பிக்குது?"

"மார்ச்ல, மேடம்" என்றாள் பெண். துப்பட்டா தோளில் கிடந்தது.